வில்ஃப் யார்வுட்டின் வலது கால்

என் வீட்டுக்காரர் வில்ஃப் யார்வுட் ஓட்டிய காரில் கியர் மாறியதை யாரும் கண்டுபிடித்ததில்லை. பீற்றிக்கொள்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பீற்றல்தான். இத்தனை வருஷம் ஒரு மனுஷனுக்குச் சமைத்துப் போட்டவளுக்கு அவ்வளவுகூட உரிமை இல்லையா?

இங்கிலாந்தில் நான்ட்விச் ஊரில் எங்கள் ஹாலிவெல் கம்பெனி செய்யும் காரை வாங்குகிறவர்கள் யாரும் அதை ஓட்டமாட்டார்கள். முன்சீட்டில் சீருடை போட்ட டிரைவர் இருப்பார். முதலாளி பின்சீட்டில் கால் நீட்டிப் பேப்பர் படிப்பார். அதனால் எங்கள் கம்பெனியில் புதுக்காரைப் பின்சீட்டிலிருந்துதான் சோதிப்பார்கள். ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்து, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊரான விட்சர்ச் வரை போய்த் திரும்புகிற வரையில் கண் திறக்கக் கூடாது. இறங்கியதும் ஒரே கேள்வி: "கியர் எத்தனை தடவை மாறுச்சு?"

"தெரியலையே" என்றால் கார் தேறியது. ஓட்டியவர் பானட்டைத் தூக்கி, அதன் அடிப்பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சாக்பீஸால் எழுதுவார். பின்சீட்டில் இருந்தவர் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டாலோ, கார் மறுபடி உள்ளே போகும். எழுத்தும் கிடையாது, பேச்சும் கிடையாது. இந்தச் சோதனைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'தொப்பி வைக்கிறது'.

வில்ஃப் ஓட்டினால் பின்னால் இருப்பவர் பாதி வழியில் குறட்டை விடுவார். அந்த வித்தை முழுக்க அவர் வலது காலில் இருந்தது. கியர் மாறப்போகிற அந்தக் கணத்தில் கால் ஆக்சிலேட்டரை விட்டு லேசாக எழும்பும். மாறி முடிந்ததும் மெல்ல இறங்கும். வாசலில் எதிரே ஒருவர் வந்தால் நாம் ஒதுங்கி வழி விடுவோமே, அது மாதிரி. சோதனை டிரைவர்கள் அதை 'எஞ்சினுக்கு மரியாதை' என்பார்கள். அது அவர்கள் எல்லோருக்கும் வரும். வில்ஃப் அளவுக்கு ஒருவருக்கும் வராது. தூக்கத்தில்கூட அவர் கால் போர்வைக்குள் எழும்பி இறங்கும், நான் பார்த்திருக்கிறேன்.

வலது கால் அப்படி. இடது காலில்தான் வந்தது வினை.

ஹாலிவெல் கிளட்ச் சாமானியப்பட்டதல்ல. அதை மிதிப்பது ஒரு சாக்கு உருளைக்கிழங்கைக் காலால் தள்ளுவது போல. அதையே நாள் முழுக்க மிதித்து மிதித்து, ஐம்பத்தொன்றாம் வருஷக் குளிர்காலத்தில் வில்ஃபின் இடது முழங்கால் கெட்டுப்போனது. காலையில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். பக்கத்துப் பண்ணையில் குதிரைக்குப் பூசும் தைலத்தை வாங்கி வந்து நான்தான் தேய்த்து விடுவேன். வீடு முழுக்க லாயம் மாதிரி நாறும். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஓட்ட முடியாதவரைக் கம்பெனி கைவிடாது, வாசல் காவலில் போடும். வருகிற போகிற லாரிக்குக் கம்பைத் தூக்கி இறக்கும் வேலை.

"அந்தக் கம்பைத் தூக்கித் தூக்கி இறக்கவா நான் பொறந்தேன், மேபல்?" என்றார் ஒருநாள். எப்போதும் அதிகம் பேசாத மனுஷன் அப்படிக் கேட்டார். "வாயை மூடிக்கிட்டுக் காலை நீட்டு" என்று அதட்டிவிட்டுத் தைலத்தை எடுத்தேன்.

அடுத்த வசந்தத்தில் அமெரிக்காவிலிருந்து அந்தப் பெட்டி வந்தது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் கியர் பாக்ஸ். அமெரிக்கப் பணக்காரர்களுக்கு ஹாலிவெல் பிடித்திருந்ததாம், ஆனால் அவர்கள் வீட்டில் காரை ஓட்டுவது வீட்டம்மாதானாம், அந்த அம்மா கிளட்ச்சை மிதிக்கமாட்டேன் என்கிறாராம். எங்கள் தலைமை இன்ஜினியர் மிஸ்டர் எகர்டன் ஒரு காரில் அந்தப் பெட்டியைப் பொருத்தச் சொன்னார். அது லேசில் நடக்கவில்லை. எங்கள் காரின் பிரேக்குக்குப் பலம் தருவதே கியர் பாக்ஸ் பக்கத்தில் சுழலும் ஒரு தட்டுதான். அமெரிக்கப் பெட்டியில் அதற்கு இடமே இல்லை. பெட்டியின் பின்பகுதியைப் புதிதாக வார்த்து, அவர்கள் கியரையும் நம் பிரேக்கையும் ஒரே உடம்பில் சேர்த்தார்கள்.

பெட்டியோடு டெட்ராய்ட்டிலிருந்து ஓர் இன்ஜினியரும் வந்தார். கிளைட் வாண்டர்மீர் என்று பெயர். நெடு நெடுவென்று ஆறடிக்கு மேல். சண்டைக் காலத்தில் நம் விமான எஞ்சினை டெட்ராய்ட்டில் செய்தார்களே, அந்த வேலையில் இருந்தவர். "உங்க வரைபடத்தைப் பார்த்துத்தான் மேடம் நான் தொழிலே கத்துக்கிட்டேன்" என்பார். கேன்டீனில் கரண்டி பிடிக்கிற என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள். வந்த முதல் நாளே கம்பெனி காரைத் தன் ஊர் வழக்கப்படி வலது பக்கமாக ஓட்டிப்போய் வாசல் சுவரில் ஓர் உரசு உரசினார். மிஸ்டர் எகர்டன் ஒரு வார்த்தை திட்டவில்லை. 'கம்பெனி ஆட்கள் தவிர வேறு யாரும் சோதனைக் காரை ஓட்டக் கூடாது' என்று பழைய விதியை எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். அதன் பிறகு கிளைட்டுக்குப் பின்சீட்டுதான்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. கிளட்ச் இல்லாத கார்! இடது காலுக்கு வேலையே இல்லை! "பார்த்தியா வில்ஃப், நம்ம கஷ்டத்துக்கு அமெரிக்காவிலேர்ந்து பதில் வந்திருக்கு" என்றேன். இந்தப் பெட்டி தேறிவிட்டால் அவர் இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம். தேறாவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் வாசல் கம்பு. அவர் "ம்" என்றார். ஆனால் அன்று ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டார்.

தொப்பி வைத்த அன்று கேன்டீன் ஜன்னலுக்கு எதிரே முற்றத்தில் கார் வந்து நின்றது. நான் பட்டாணியைக் கிளறுவதை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். போகும்போது லென் டட்டன் ஓட்டினார், வில்ஃப் பின்னால். திரும்பும்போது வில்ஃப் ஓட்டினார், மிஸ்டர் எகர்டனும் கிளைட்டும் பின்னால். இந்த லென் டட்டன் நல்ல டிரைவர், மோசமான வாய்.

"கியர் எத்தனை தடவை மாறுச்சு?" என்று லென் கேட்டார்.

"எண்ணி முடியலை" என்றார் மிஸ்டர் எகர்டன். "முதுகுல யாரோ முழங்கையால இடிச்சுக்கிட்டே வந்த மாதிரி இருந்துச்சு."

கிளைட் முகம் வெளுத்துவிட்டது. "டெட்ராய்ட்ல இப்படி இல்லவே இல்லை சார். அங்க வெண்ணெய் மாதிரி போகும்."

"உங்க ஊர்ல சீட்டு மெத்தை மாதிரி இருக்கும்" என்றார் லென். "அதுல உட்கார்ந்தா பூகம்பம் வந்தாக்கூடத் தாலாட்டு மாதிரிதான் தெரியும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிஸ்டர் எகர்டன் சிரிக்கவில்லை. வில்ஃபிடம் திரும்பினார். "யார்வுட், நீங்க சொல்லுங்க. உங்க சொல்தான் எனக்கு முக்கியம்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லு, 'பரவாயில்லை, சரி பண்ணிடலாம்' என்று சொல்லித் தொலை! வில்ஃப் சட்டைப் பையில் கைவிட்டு சாக்பீஸைத் தொட்டார். கையை அப்படியே வெறுமனே வெளியே எடுத்தார்.

"தேறலை சார். என் காலுக்கே தூக்கிப் போடுது."

அன்று பட்டாணி அடிப்பிடித்துவிட்டது. கம்பெனி முழுக்க என்னைத் திட்டியது.

வீட்டுக்கு வந்ததும் நான் சும்மா இருப்பேனா? "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உன் பிழைப்பை நீயே குழி தோண்டிப் புதைச்சிட்டு வந்து நிக்கிறியே!"

"தூக்கிப் போடுது, மேபல்."

"போட்டா என்ன? எந்தப் பிரபுவாவது செத்தா போயிடுவான்?"

"தூக்கிப் போடலைன்னு எழுதிட்டு நான் எப்படி ஓட்டறது?" என்றார்.  டீயைக் குடித்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே நேரம் நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்த மாதிரியும் இருந்தது. இந்த மனுஷனைத்தானே கட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பு வந்ததற்கும் சேர்த்து அவர் மேலேயே கோபப்பட்டேன்.

கோடைக்காலம் முழுக்க கிளைட் அந்தப் பெட்டியைப் பிரித்தார், மாட்டினார், மறுபடி பிரித்தார். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் திங்கட்கிழமை டைரக்டர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்லப்போவதாக மிஸ்டர் எகர்டன் தெரிவித்துவிட்டார். அதற்கு முந்தின ஞாயிறு கிளைட்டை நாங்கள் சாப்பிடக் கூப்பிட்டோம். ஊர் திரும்பப்போகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? ஒரு வாரத்து ரேஷன் இறைச்சி முழுவதையும் உருளைக்கிழங்கோடு போட்டு, ஹாட்பாட் என்கிற எங்கள் ஊர்க் குழம்பு வைத்தேன். அவர் டப்பா பீச் பழம் இரண்டு கொண்டு வந்தார். பெட்டி எவ்வளவு மோசமானாலும் பீச் பழம் நன்றாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் நின்ற சோதனைக் காரைக் கிளைட் ஏக்கமாகப் பார்த்தார். தூரம் ஓட்டுவதற்காக ஞாயிறுகளில் வில்ஃப் அதை வீட்டுக்கு எடுத்து வருவது வழக்கம். "மிஸ்டர் யார்வுட், பழைய விமானத் தளத்துல ஒரே ஒரு சுத்து நான் ஓட்டட்டுமா? அங்கே இடிக்கிறதுக்குச் சுவர்கூட இல்லை."

"விதி" என்றார் வில்ஃப்.

"என் மாமியாருக்கு எழுபது வயசு. அவங்க டெட்ராய்ட்ல இதே பெட்டியை ஓட்டறாங்க. யார் வேணும்னாலும் ஓட்டலாம்னுதானே இதைச் செஞ்சோம்!" பாவம், கிட்டத்தட்ட அழுகிற குரல்.

"யார் வேணும்னாலுமா?" என்றேன் நான். "நான் கூடவா?"

வில்ஃப் என்னை முறைத்தார். "நீ கம்பெனி ஆள் இல்லை."

விடுவேனா? உள்ளே போய்க் கேன்டீன் அங்கியில் குத்தியிருந்த பித்தளை பேட்ஜைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இதுல என்ன போட்டிருக்கு? ஹாலிவெல்னு போட்டிருக்கா இல்லையா? பதினோரு வருஷமா உங்களுக்கெல்லாம் கஞ்சி ஊத்தறவ கம்பெனி ஆள் இல்லைன்னா, நாளைக்கே கேன்டீனை மூடிக்கிட்டுப் பட்டினி கிடங்க!"

கிளைட் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வில்ஃப் எழுந்து கார் சாவியை எடுத்தார். விதியை எழுதியவர்கள் என்னை நினைத்து எழுதவில்லை.

விமானத் தளத்தில் இப்போது ஆடுகள்தான் மேய்கின்றன. சண்டை முடிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போன ஓடுபாதை. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன், கிளைட் பக்கத்தில், வில்ஃப் பின்னால். அதுவரை நான் ஓட்டியது தையல் மெஷின் ஒன்றுதான். கண்ணாடியில் பார்த்தால், பழக்க தோஷம், வில்ஃப் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். ஜெபத்தில் இருப்பதாக யாரும் நினைப்பார்கள். உண்மையாகவே ஜெபித்திருந்தாலும் தப்பில்லை.

"வலது காலை மெதுவா வச்சு அழுத்துங்க மேடம்."

அழுத்தினேன். கார் கிளம்பியது. கடவுளே! எனக்கு உடம்பெல்லாம் விறைத்துப்போனது. கால் அந்தப் பெடலில் ஆணி அடித்த மாதிரி ஒட்டிக்கொண்டது, எடுக்கவும் தெரியவில்லை, அமுக்கவும் தெரியவில்லை. ஓடுபாதை என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது. ஒரு சத்தம் இல்லை. ஓர் அசைவு இல்லை.

பின்னாலிருந்து வில்ஃப் சொன்னார்: "கிளைட், ஏன் இன்னும் ஃபர்ஸ்ட் கியர்லயே போகுது? மாத்தச் சொல்லுங்க, எஞ்சின் பாவம்."

கிளைட் மெதுவாகத் திரும்பினார். "மிஸ்டர் யார்வுட், நாம டாப் கியர்ல போய்க்கிட்டிருக்கோம்."

வில்ஃப் கண்ணைத் திறந்தார். அதே நேரம் நான் ஆட்டைப் பார்த்தேன். ஓடுபாதை நடுவில் குடும்பத்தோடு நின்றது.

"பிரேக்! பிரேக்!" என்று கிளைட் கத்தினார். மிதித்தேன். அவ்வளவு பெரிய கார், ஒரு சீமாட்டி நாற்காலியில் அமர்வது மாதிரி, அலுங்காமல் நின்றது. ஆடு எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புல்லைக் கடித்தது.

"இந்தப் பிரேக் மட்டும் எங்க ஊர்க் கார்ல இருந்தா..." என்று கிளைட் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெருமையாக இருந்தது எனக்கு, ஏதோ நானே வார்த்த பிரேக் மாதிரி.

வில்ஃப் அதையெல்லாம் கேட்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேபல், நீ காலை எடுத்தியா? நடுவுல எப்பவாவது?"

"எடுக்கறதா? பயத்துல அது என் கால்தானான்னே எனக்குத் தெரியலை."

அவர் காரிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. "பெட்டி மேல தப்பு இல்லை. நான்தான். என் மரியாதைதான்."

கிளைட்டுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஆமா! இந்தப் பெட்டி உங்க காலைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கு. கால் கீழே இருந்தா 'இன்னும் வேணும்'னு அர்த்தம். எழும்புனா 'போதும்'னு அர்த்தம். சரியா அது மாத்தற நேரத்துல நீங்க போதும்னு சொல்றீங்க, அடுத்த நொடியே வேணும்ங்கிறீங்க. அது குழம்பிப்போய் முன்னும் பின்னுமா அல்லாடுது!"

அதாவது, ஹாலிவெல்லின் மிக நல்ல டிரைவர்களைத் தவிர உலகத்தில் வேறு யார் ஓட்டினாலும் அந்தப் பெட்டி ஒழுங்காகப் போகும். இந்தத் தப்பை எங்கள் ஆட்களால் மட்டும்தான் செய்ய முடியும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. பெட்டி தேறிவிட்டது! கால் தப்பித்தது!

வீட்டுக்கு வந்ததும் வில்ஃப் என் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றினார். "நாளைக்கு முற்றத்துல எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சொல்லப்போறேன். முழங்கால் விஷயத்தையும் சேர்த்து."

"முழங்கால் எதுக்கு? அதை யாரு கேட்டா?"

"அன்னிக்கு வேண்டாம்னவன் இப்ப வேணும்ங்கிறான். ஏன் மாத்தினான்னு நாளைக்கு ஒருத்தன் தோண்டிப் பார்ப்பான். என் கால் கெட்டது தெரியவரும். யார்வுட் தன் முழங்காலுக்காகச் சொல்லை வித்துட்டான்னு பேசுவாங்க. அப்புறம் என் எழுத்து இருக்கிற எந்தக் காரை யார் நம்புவாங்க?"

"அவங்க உன்னை வாசலுக்கு அனுப்பிட்டா?"

"போறேன்."

 அவர் ஷூவை எடுத்து நானே பாலிஷ் போட்டேன்.

திங்கட்கிழமை காலை முற்றத்தில் சோதனை டிரைவர்கள் எல்லோரும் நின்றார்கள். கேன்டீன் பெண்களும் ஜன்னலில் தொத்திக்கொண்டு நின்றோம். வில்ஃப் தொப்பியைக் கையில் எடுத்தார்.

"மிஸ்டர் எகர்டன், நான் சொன்னது தப்பு. பெட்டி நல்ல பெட்டி. தூக்கிப் போட்டது என் கால். நேத்து என் மனைவி ஓட்டினா, நான் தொப்பி வச்சேன். ஒரு தடவைகூட என்னால எண்ண முடியலை." மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னொண்ணு. என் இடது முழங்கால் போயிடுச்சு. இந்தப் பெட்டி வந்தா எனக்கு லாபம். அதையும் தெரிஞ்சுக்கிட்டு என் சொல்லை எடை போடுங்க."

 லென்தான் முதலில் வாயைத் திறந்தார், திறக்காமல் இருப்பாரா? "அப்போ பொண்டாட்டி ஓட்டினா வெண்ணெய், நீ ஓட்டினா கட்டை வண்டியா?"

"ஆமா" என்றார் வில்ஃப். "நீ ஓட்டினாலும் கட்டை வண்டிதான், லென்." எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். லென்னும்தான்.

மிஸ்டர் எகர்டன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முழங்கால் விஷயத்தைச் சொன்னதுக்கு நன்றி, யார்வுட். ஆனா ஒரு சங்கடம் இருக்கு. அமெரிக்காவுக்குப் போறது கொஞ்சம்தான். மத்தபடி நம்ம காரை ஓட்டப்போறது உங்க மனைவி இல்லை. நல்லாப் பழகின டிரைவருங்க. அத்தனை பேரும் உங்களை மாதிரியே காலை எடுப்பாங்க. நல்லா ஓட்டறவன் கையில மட்டும் முரண்டு பிடிக்கிற பெட்டியை வச்சு நான் என்ன பண்றது? என் பதில் இன்னும் 'வேண்டாம்'தான்."

 உண்மையைச் சொல்லியும் தோற்றாரே! இப்போது முழங்காலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாசல் கம்பு என் கண்ணுக்கு எதிரிலேயே ஏறி இறங்கியது.

கிளைட்தான் ஓர் அடி முன்னால் வந்தார். "சார், காலை மாத்த முடியாதுன்னா பெட்டியை மாத்தறேன். எனக்கு ஆறு வாரம் குடுங்க. கூடவே மிஸ்டர் யார்வுட்டோட காலையும் குடுங்க."

"ஏற்கெனவே கெட்டுப்போச்சுன்னு சொன்னாரே" என்றார் லென்.

"அது இடது கால். எனக்கு வேண்டியது வலது."

அந்த ஆறு வாரமும் என் வீட்டுக்காரர் கால்தான் டெட்ராய்ட்டின் அளவுகோல். அவர் ஓட்டுவார், கிளைட் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். காலை எழுப்பினால் உடனே நம்பிவிடாதே, ஒரு கணம் பொறுத்துப் பார் என்று பெட்டிக்குச் சொல்லித்தர வேண்டும். உள்ளே எண்ணெய் ஓடும் வழியை ஓரிடத்தில் குறுக்கினார்கள், ஒரு ஸ்பிரிங்கை மெலிதாக்கினார்கள். சுலபமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் ஒரு தடவை குறுக்கியது போதாது, இன்னொரு தடவை அதிகம். இடையில் வில்ஃபுக்கு ஒரு தனித் தொல்லை வந்தது. தினமும் அந்தக் காரையே ஓட்டி ஓட்டி, கால் தானாகவே எழும்பாமல் பழகிக்கொண்டது. அதனால் மதியச் சாப்பாட்டு வேளையில் பழைய கிளட்ச் காரை எடுத்துப்போய், இடது முழங்கால் கதறக் கதற ஓட்டி, மரியாதையைக் காலுக்கு ஞாபகப்படுத்திவிட்டு வருவார். பாவி மனுஷன், காலைக் காப்பாற்ற வந்த பெட்டிக்காக அந்தக் காலையே சாகடித்தார். வாங்கி வந்த தைலமெல்லாம் தீர்ந்து, அந்தப் பண்ணைக் குதிரைக்கே கிடைக்காமல் போனது.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை தொப்பி வைத்தார்கள். வில்ஃப் ஓட்டினார், வேண்டுமென்றே பழைய மரியாதையோடு. பின்னால் மிஸ்டர் எகர்டனும் லென்னும். விட்சர்ச் போய்த் திரும்பி முற்றத்தில் வந்து நின்றார்கள். கதவு திறந்தது. மிஸ்டர் எகர்டன் இறங்கவே இல்லை.

"என்னாச்சு?" என்று ஜன்னலிலிருந்து கத்திவிட்டேன்.

"தூங்கிட்டார்" என்றார் லென், குரலைத் தாழ்த்தி. அந்த வாயில் கிண்டல் இல்லாமல் நான் கேட்ட ஒரே வார்த்தை அது.

எழுப்பிய பிறகு கேட்டார்கள். "கியரா?" என்று கண்ணைக் கசக்கினார் மிஸ்டர் எகர்டன். "தெரியலையே."

வில்ஃப் பானட்டைத் தூக்கினார். சாக்பீஸை எடுத்தார். எழுதவில்லை, கிளைட்டிடம் நீட்டினார். கம்பெனி ஆள் அல்லாதவர் பானட்டில் எழுதியதாகச் சரித்திரமே கிடையாது. எல்லோரும் மிஸ்டர் எகர்டனைப் பார்த்தார்கள். அவர் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார். அந்த நெட்டை மனுஷன் குனிந்து 'சி.வி.' என்று எழுதினார். அதன் அடியில் வில்ஃப் 'டபிள்யூ.ஒய்.' என்று எழுதினார். நான் கரண்டியால் சட்டியைத் தட்டோ தட்டென்று தட்டினேன். கேன்டீன் மேலாளர் அம்மா என்னைத் திட்டக்கூட மறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்.

கிளைட் கிளம்பும்போது வில்ஃபின் கையைக் குலுக்கியபடி, "இந்த ஸ்பிரிங்கை நான் ஊருக்கு எடுத்துட்டுப் போறேன். எங்க ஊர்லயும் நல்ல டிரைவருங்க நாலு பேராவது இருப்பாங்க" என்றார்.

"இருப்பாங்களா?" என்றார் வில்ஃப். அவர் கேலி செய்து நான் கேட்டது அபூர்வம்.

வில்ஃப் வாசலுக்குப் போகவில்லை. இன்றுவரை ஓட்டுகிறார். ஹாலிவெல் கார்களில் இப்போது கிளட்ச்சே கிடையாது. முழங்கால் சொஸ்தமாகவில்லை, மழை வந்தால் எனக்கு முன்னால் அதற்குத் தெரியும். ஆனால் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் காலுக்கு ஓய்வுதான்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். போன வருஷம் ஒரு சனிக்கிழமை, மீன் வறுவல் கடை வாசலில் நாங்கள் வரிசையில் நின்றபோது, அமெரிக்கப் படை தங்கியிருக்கும் பர்டன்வுட் விமானத் தளத்து சார்ஜென்ட் ஒருவர் ஒரு பச்சைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். படகு மாதிரி நீளம். செஸ்டருக்கு வழி கேட்டார். வில்ஃப் வழி சொன்னார், ஆனால் கண் காரை விட்டு நகரவில்லை. அவருக்கு வேண்டியதைக் கேட்க அவருக்கு வாய் வராது. எனக்கு வரும்.

"தம்பி, என் வீட்டுக்காரர் இதை அந்தத் தேவாலயம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கட்டுமா?"

சார்ஜென்ட் வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார். "ஓட்டட்டும் மேடம். ஆனா இதுல கிளட்ச் இல்லை, கியரும் தானாவே மாறும். ஐயா பயந்துடப் போறார்."

வில்ஃப் இடது பக்கத்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன். அவர் தொப்பியை வாங்கி என் முழங்காலில் வைத்துக் கண்ணை மூடினேன். கார் நகர்ந்தது. ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்தேன், எனக்கென்ன விதி? வலது தொடை எழும்பி இறங்கியது. மறுபடியும் எழும்பி இறங்கியது. முழு மரியாதை கொடுத்துத்தான் ஓட்டினார். கார் அலுங்கவில்லை.

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் வழிந்து மீசை வரைக்கும் வந்திருந்தது. கிளைட் சொன்னபடி செய்திருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருக்காகச் செய்த இந்தக் காரில், என் மனுஷனின் கால் இருந்தது.

திரும்பி வந்து கடை வாசலில் நிறுத்தியதும் சார்ஜென்ட் மார்தட்டினார். "பார்த்தீங்களா? எங்க டெட்ராய்ட் பெட்டி! கியர் எத்தனை தடவை மாறுச்சுன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

"தெரியலையே" என்றேன்.

வில்ஃப் இறங்கினார். "பானட்டைக் கொஞ்சம் திறக்கலாமா?" என்று கேட்டார். இந்தக் கிழவனுக்கு என்ன வேண்டும் என்று புரியாமல் சார்ஜென்ட் திறந்துவிட்டார். வில்ஃப் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். சனிக்கிழமைச் சட்டையிலும் அது இருக்கும். பானட்டின் அடிப்பக்கத்தில் முதலில் 'சி.வி.' என்று எழுதினார், அதன் அடியில் 'டபிள்யூ.ஒய்.' எழுதினார்.

"ஹேய், என்ன எழுதறீங்க என் கார்ல?"

வில்ஃப் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார். பதிலை நான்தான் சொன்னேன்.

"ஒண்ணுமில்லை தம்பி. உங்க கார் பாஸாயிடுச்சு."